பழவேற்காட்டிலிருந்து பினாங்குக்கு: ஒரு கைலியின் வரலாறு



பினாங்கில் வாழும் தமிழர்க்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரியவர்கள் அதை இன்றும் 'பிட் ஸ்திரீட்' என்பார்கள். அதன் தலைப்பில் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில். அடுத்து 1801இல் தொடங்கப்பெற்ற பள்ளிவாசல். அருகே, குவீன் தெருவை நோக்கி வாயில் அமைந்த 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் ஆலயம். 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பின்னர், இச்சாலைக்குப் பள்ளிச் சுற்றுலா செல்லாத பினாங்குப் பள்ளியே இல்லை எனலாம்.

நாம் மாணவர்களை அழைத்துச் சென்று, நான்கு சமயங்களின் வழிபாட்டு இடங்களைக் காட்டி, 'நல்லிணக்கச் சாலை' என்று சொல்லிக்கொடுத்து, நிழற்படம் எடுத்துத் திரும்பிவிடுகிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், நம் முன்னோரை இச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்த சரக்கு எது என்பதை நாம் மாணவர்க்குச் சொல்வதே இல்லை. அந்தச் சரக்கு துணி.

பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர் என்பர். இங்குள்ள தென்னிந்திய முசுலீம்களின் தலைவராக, 'கப்பித்தானாக', கிழக்கிந்தியக் கும்பினியார் அவரை ஏற்றிருந்தனர். 'மெரிக்கன்' என்று இன்று பினாங்குக் குடும்பங்கள் பலவற்றின் பெயரில் ஒட்டியிருக்கும் சொல் நம் 'மரைக்காயர்'தான். 1786இல் பிரான்சிசு லைட் இத்தீவில் கொடியேற்றிய எட்டே ஆண்டுகளில், அதாவது 1794இல், அவர் எழுதிய அறிக்கையிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்குக் குடியேறியிருப்பதும், ஆண்டுதோறும் மேலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கப்பலில் வந்து பொருளீட்டித் திரும்புவதும் குறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் கடைக்காரர்களும் இருந்தனர், கூலியாள்களும் இருந்தனர். பலர் பினாங்கு தோன்றுமுன்பே கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் என்பதையும் லைட் சொல்கிறார். இதை ஆசிரியர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழர் இந்நாட்டுக்கு வந்தது இரப்பர்த் தோட்டத்தோடு என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்துக்கு முன்னே கடை இருந்தது. கடைக்கு முன்னே கப்பல் இருந்தது. மலாய்மொழியில் இன்றும் வழங்கும் 'கெடாய்', 'காப்பால்', 'பெட்டி', 'தீராய்' ஆகிய சொற்கள் நம் கடை, கப்பல், பெட்டி, திரை என்பவற்றின் வழிவந்தவையே. நான்கு சொற்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு வணிகனின் வாழ்க்கையே கண்முன் நிற்கும்.

('கெலிங்' என்னும் சொல்லைப் பற்றிப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரடியாகப் பிறந்து, தென்னிந்தியரைப் பொதுவாகச் சுட்டிய பழஞ்சொல் அது. பிற்காலத்தில் இழிவுப் பொருள் ஏறிவிட்டது. இன்று ஒருவரை நோக்கி அப்படிச் சொல்வது வசை. ஆனால் இச்சாலைப் பெயரில் நிற்பது 200 ஆண்டுகளுக்கு முந்திய பதவிப்பெயர். இரண்டையும் பிரித்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.)

பினாங்குக்கும் முந்திய கதை மலாக்காவில் இருக்கிறது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தொமே பிரேசு என்னும் போர்த்துகீசியர், கிலிங் வணிகர் கொண்டுவந்த துணிவகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மலாய் இலக்கியமாகிய 'செஜாரா மெலாயு'விலும் ஒரு சுவையான கதை உண்டு. நாற்பது வகைத் துணி வாங்கிவருமாறு சுல்தான் மகமூது, அங் நாடிம் என்பவரைக் கெலிங் நாட்டுக்கு அனுப்புகிறார். அங்குள்ள சித்திரக்காரர் வரைந்து காட்டிய பூவேலை எதுவும் அங் நாடிமுக்குப் பிடிக்கவில்லை. ஈற்றில் தாமே எழுதுகோலை எடுத்து வரைந்து காட்டுகிறார். திரும்பும் வழியில் கப்பல் மூழ்க, சில துணிகளே மிஞ்சுகின்றன. கதை நடந்ததா என்பது வேறு. வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப நம் கரையில் துணி செய்யப்பட்டது என்னும் செய்தி அதில் பொதிந்திருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் அங் நாடிமைச் சிங்கப்பூரின் வாள்மீனோடு நிறுத்திவிடுகிறோம். இந்தத் துணிக்கதையை யாரும் சொல்வதில்லை.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம்.

சென்னைக்கு வடக்கே, உப்பங்கழியை ஒட்டிய சிற்றூர் அது. இன்று அப்பெயரைக் கேட்டால் மீனும் இறாலும் பூநாரைக் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் விசயநகர ஆட்சிக் காலத்தில் அது பெருந்துறைமுகம். போர்த்துகீசியர் வந்தனர், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் 1610இல் இடம்பெற்று, 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். ஒல்லாந்தர் நாடியது மொலுக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அத்தீவினரோ வெள்ளியைக் காட்டிலும் துணியையே விரும்பினர். அவர்கள் விரும்பிய துணி சோழமண்டலத் துணி. ஆகவே சோழமண்டலக் கரையை மொலுக்குத் தீவுகளின் இடக்கை என்று ஒல்லாந்தர் கருதினர். கை இல்லையேல் வாய்க்கு உணவில்லை என்பதே பொருள்.

இவ்விடத்தில் மாணவர்க்கு மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. துணி ஏறிய அதே துறையிலிருந்து, பஞ்சத்தாலும் போராலும் நொந்த மக்களை அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றவர்களும் அந்த ஒல்லாந்தர்தாம். அழகிய துணியின் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து. ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதைத் தாங்குவார்கள்.

பழவேற்காட்டுத் துணி எப்படிப்பட்டது? நூலை முதலில் சாயமேற்றி, பின்னர் நெய்வது. சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. பாவிலும் ஊடையிலும் நிறநூல்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால் கட்டங்கள் தோன்றும். அச்சிட்ட துணியில் உட்புறம் வெளுத்திருக்கும். இதில் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். உருவங்கள் இல்லாத கட்டம் என்பதால் தொழுகைக்கும் ஏற்றதாயிற்று. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத் துண்டை இருமுனையும் சேர்த்து மூட்டிவிட்டால் உடை முடிந்தது. பொத்தான் இல்லை, நாடா இல்லை, அளவு பார்க்க வேண்டியதில்லை. தந்தையின் கைலி மகனுக்குப் பொருந்தும்.

அத்துணி கடல் கடந்தபோது ஊர்ப்பெயரும் கூடவே சென்றது. போர்த்துகீசியர் வாயில் பழவேற்காடு 'பலியகாட்' ஆயிற்று, ஆங்கிலேயர்க்குப் 'புலிகாட்'. மலேசியாவில் அது 'காயின் பெலிக்காட்', இந்தோனேசியாவில் 'பெலேக்காட்', இலங்கையில் 'பளையகட் சாரம்'. ஆக, வெள்ளிக்கிழமை நண்பகல் இப்பள்ளிவாசலுக்குள் நுழையும் மலாய்க்காரரும் அச்செக்காரரும் வங்காளதேசத் தொழிலாளியும் இடுப்பில் கட்டியிருப்பது ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரை. அவர்களுள் பலர்க்கு அது தெரியாது. நமக்கும் தெரியாது என்பதுதான் வருத்தம்.

இதே கட்டத்துணி மேற்கேயும் சென்றது. 'மதராசுக் கைக்குட்டை' என்னும் பெயரில் ஆப்பிரிக்காவின் நைசர் ஆற்றுக் கழிமுகம் வரை போய், அங்குள்ள கலபாரி மக்களிடம் 'இஞ்சிரி' என்ற பெயர் பெற்றது. பிள்ளை பெற்ற தாய்க்கு உடுத்துவதற்கும், பிறப்பு இறப்புச் சடங்குகளுக்கும் அவர்கள் அதைப் போற்றிவைக்கிறார்கள். அது அவர்களுடைய மரபுடை. இந்தியத் துணி என்று சொல்லி அவர்களிடமிருந்து அதை யாரும் பறித்துவிட முடியாது.

இவ்வளவையும் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் 'பாரம்பரிய உடை நாள்' ஏற்பாடாயிற்று. பெற்றோர்க்குச் சுற்றறிக்கை போயிற்று: ஆண்பிள்ளைகள் வேட்டி அல்லது ஜிப்பா, பெண்பிள்ளைகள் பாவாடை சட்டை, சேலை அல்லது பஞ்சாபி உடை. என் வகுப்பில் ஒரு மாணவியின் தாயார் வியட்நாமியர். மேக்கோங் கழிமுகத்து ஊரொன்றிலிருந்து வந்து, பட்டர்வொர்த்துத் தமிழரை மணந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் பள்ளி வாயிலில் என்னிடம், "டீச்சர், என் அம்மா தைத்து அனுப்பிய ஆவ் யாய் ஒன்று இருக்கிறது. அதைப் போடலாமா, கூடாதா?" என்று கேட்டார். ('ஆவ் யாய்' என்பது தென் வியட்நாமியர் ஒலிப்பு; வடக்கே 'ஆவ் சாய்' என்பர்.) அன்று மாலையே இன்னொரு செய்தி. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தன் தாத்தாவின் கைலியைக் கட்டிவரப் போவதாகச் சொல்ல, "அது மலாய்க்காரர் உடை, அதுவும் வீட்டில் கட்டுவது" என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். பையன் அழவில்லை. எதுவும் பேசாமல் போய்விட்டான்.

இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒன்றே. பாரம்பரியம் என்பது குடும்பத்தினுடையதா, சுற்றறிக்கையினுடையதா?

சுற்றறிக்கையையே எடுத்துக்கொள்வோம். பஞ்சாபி உடை தமிழர் பாரம்பரியப் பட்டியலில் எப்படி இடம்பெற்றது? வசதியாக இருக்கிறது, அழகாக இருக்கிறது, நாம் எல்லாரும் அணிகிறோம், ஆகவே நுழைந்தது. ஜிப்பாவும் அப்படியே. நான் குறை சொல்லவில்லை, நானும் அணிபவள்தான். ஆனால் பஞ்சாபின் உடைக்குத் திறந்த கதவு பழவேற்காட்டின் உடைக்கு மூடியிருப்பது வேடிக்கையன்றோ! கைலி உழைப்பவர் உடை, ஏழை உடை என்னும் எண்ணமே இதன் அடியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வேட்டிக்கே அந்நிலை நேர்ந்ததுண்டு. சென்னை மன்றம் ஒன்றில் வேட்டி கட்டிய நீதிபதி உள்ளே விடப்படாமல் போக, 2014இல் தமிழ்நாட்டில் அதற்கெனச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

வியட்நாமிய உடைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேட்டார்கள். தொடர்பு உண்டு, அதுவும் பெரிய தொடர்பு.

பிரெஞ்சுக்காரர் 1859இல் சைகோனைப் பிடித்த பின்னர், அவர்கள் ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்குச் சென்றனர். அரசுப் பணியாளராகவும் படைவீரராகவும் சிலர். வட்டித்தொழில் செய்யும் நகரத்தாராகச் சிலர். துணிக்கடை வைத்த தமிழ் முசுலீம்கள் சிலர். ஆம், அங்கும் துணிதான். சைகோனில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது; தென்னிந்திய முசுலீம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசலும் இருக்கிறது. ஒரே நகரில் மாரியம்மன் கோயிலும் தமிழ் முசுலீம்களின் பள்ளிவாசலும்! நம் பிட் ஸ்திரீட்டை நினைவூட்டவில்லையா? அங்குச் சென்ற தமிழர் பலர் வியட்நாமியப் பெண்களை மணந்தனர். 1954இல் பிரெஞ்சு ஆட்சி ஒழிந்தபோதும், 1975இல் சைகோன் வீழ்ந்தபோதும், அக்குடும்பங்களுள் பல புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. வியட்நாமியப் பாட்டி சமைத்த சுருளப்பமும், 'தெத்' என்னும் புத்தாண்டும், பெட்டியில் மடித்துவைத்த நீண்ட பட்டு மேலாடையும் புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களின் உடைமைகள் ஆயின. அப்பாட்டியின் பேரப்பிள்ளைகள் தமிழர் அல்லர் என்று யார் சொல்வது?

அந்த மேலாடைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1744இல் நுயென் புக் கோவாத் என்னும் தெற்குச் சீமைத் தலைவர், வடக்கிலுள்ள தம் போட்டியாளரிடமிருந்து தம் மக்களை வேறுபடுத்திக் காட்ட, கால்சட்டையும் பொத்தானிட்ட நீண்ட மேலாடையும் அணியுமாறு ஆணையிட்டார். 1930களில் அனோய் ஓவியர் நுயென் காட் துவோங் அதை மேலைநாட்டுத் தையல்முறையோடு கலந்து, உடலோடு ஒட்டியதாக மாற்றினார். அன்று அதைப் பழித்தவர் பலர். இன்று அதுவே வியட்நாமின் அடையாளம். 'தொன்றுதொட்டு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் உடைகளில் பெரும்பாலானவற்றை ஆராய்ந்தால், ஓர் அரசனோ ஒரு தையற்காரரோ ஒரு கப்பலோ இடையில் வந்து நிற்கும்.

பிரேசின் காலத்துக் கிலிங் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள். சிவனையும் மாரியம்மனையும் வழிபடுகிறார்கள், வீட்டுமொழி மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. 2024 திசம்பரில் யுனெசுகோ பட்டியலில் கெபாயா சேர்க்கப்பட்டபோது, புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்தே அதை முன்மொழிந்தன. 'எனக்கே உரியது' என்று ஒருவர் பிடித்து இழுத்தால் துணி கிழியும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

பெற்றோர் ஒருவர் என்னிடம் மறுத்துப் பேசினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. "தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். வேட்டியும் சேலையும் கட்ட ஆண்டுக்கு ஒரு நாள் கிடைக்கிறது. அந்த ஒரு நாளிலும் கைலியும் வியட்நாம் சட்டையும் என்றால் நமக்கென்று என்ன மிஞ்சும், டீச்சர்?" இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். சிறுபான்மையாய் வாழ்பவர்க்கே இது புரியும். ஆனால் அந்த மாணவியை எண்ணிப் பாருங்கள். தேசியப் பள்ளிக்கோ சீனப்பள்ளிக்கோ அனுப்பியிருக்கலாம். தமிழே அறியாமல் இந்நாட்டுக்கு வந்த தாய் அவளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்திருக்கிறார். அவருடைய தாய் தைத்த உடையை வாயிலில் கழற்றிவைக்கச் சொன்னால், அடுத்த பிள்ளையை அவர் எங்குச் சேர்ப்பார்?

தலைமையாசிரியர் நல்ல மனிதர். சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்க இசைந்தார்: 'அல்லது தங்கள் குடும்பத்தில் தாத்தா பாட்டி உடுத்திய உடை.' அதனுடன் ஒரு சிறு தாளும் கொடுத்தோம். இவ்வுடையை வீட்டில் எப்படி அழைக்கிறீர்கள்? யார் உடுத்தியது? எங்கே வாங்கியது அல்லது தைத்தது? மூன்றே கேள்விகள். பெரியவரிடம் கேட்டுப் பிள்ளையே தமிழில் எழுதிவர வேண்டும். நான் எதிர்பார்த்ததைவிடத் தாள்கள் நிறையவே வந்தன. ஒரு மாணவி, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியின் தலைத்துண்டைக் கொண்டுவந்தாள். இரப்பர்ப்பால் கறை போகவே இல்லை. வேட்டி கட்டிவந்தவர்களே அன்றும் மிகுதி என்பதை அந்தப் பெற்றோரின் ஆறுதலுக்காகச் சொல்லிவைக்கிறேன். வியட்நாமியத் தாயின் மகள் தன் தாளில், 'பாட்டி தைத்தது. பாட்டியை நான் ஒரு முறைதான் பார்த்தேன்' என்று எழுதியிருந்தாள். கைலிக்காரன் எழுதியது இது: 'தாத்தா இதைச் சூலியா தெருவில் வாங்கினார். சாயம் போகாது என்று கடைக்காரர் சொன்னார். போய்விட்டது.'

இச்சாலையை இவ்வகையில் மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். தொழுகைக் கூட்டம் மிகும். பள்ளிவாசலுக்குள் செல்வதாயின் முன்கூட்டியே இசைவு பெற்று, உடலை மறைக்கும் உடையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பின்னர்ச் சூலியா தெருவுக்குத் திரும்புங்கள். பழைய வரைபடங்களில் அத்தெருவின் பெயர் 'மலபார் தெரு'. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் அழைத்தனர். அங்குள்ள நாகூர் ஆண்டவர் நினைவிடத்தைக் காட்டுங்கள். அருகில் கைலி விற்கும் கடை ஏதேனும் ஒன்றில் இசைவு கேட்டு, பெலிக்காட் ஒன்றை விரித்துக்காட்டச் சொல்லுங்கள். கட்டங்களுக்கு நடுவே வேறுபட்ட நிறத்தில் ஒரு பட்டை ஓடும். மலாய்க்காரர் அதைக் 'கெப்பாலா', அதாவது தலை என்பர். கட்டும்போது அது பின்புறம் வரவேண்டும். இருபுறமும் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளைகளே புரட்டிப் பார்க்கட்டும். ஓரத்தில் ஒட்டியுள்ள முத்திரைத் தாளையும் படிக்கச் சொல்லுங்கள். சில துணிகள் தமிழ்நாட்டில் நெய்தவையாக இருக்கும். கைலிக்குப் பெயர்பெற்ற குடியாத்தம் அங்கேதான் இருக்கிறது. சில இந்தோனேசியாவின் பெக்காலோங்கானிலிருந்து வந்தவையாக இருக்கும். பழவேற்காட்டில் நெய்தது கிடைக்காது.

ஆண் ஆசிரியர்கள் முதல் நாளே வீட்டில் கைலி கட்டிப் பழகிக்கொள்வது நலம். மாணவர்கள் கட்டிக்காட்டச் சொல்வார்கள். இடைவார் இல்லாமல் நிற்கவேண்டும்.